உள்ளே ஒன்றும் இல்லை

பொயிண்ட் குக்,
09.02.2025

அன்பின் அண்ணா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். மணி ஒன்றேகால். றொசானா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். ஏழு மாதப் பிள்ளையின் நித்திரையை நம்பி ஒன்றும் தொடங்க முடியாது. எங்கேயாவது வசனம் பாதியில் நின்றால், அவள் எழும்பிவிட்டாள் என்று எடுத்துக்கொள். நாங்கள் மூவரும் சுகம். உன் முழங்கால் எப்படி? ஓடு பதிக்கிறவன் நாள் முழுக்க முழங்காலில்தானே நிற்கிறான். நான் அனுப்பிய பஞ்சு உறையைப் போடுகிறாயா, அல்லது அது இன்னும் பெட்டிக்குள்தானா?

ஜனுஷன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "ஒரு போன் அடிச்சால் முடியிற கதைக்கு அண்ணனும் தங்கச்சியும் முத்திரை ஒட்டுறியள்" என்கிறார். அவருக்கு என்ன தெரியும்? நீ வில்லவூட் தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்த வருடங்களில், பேசாலையிலிருந்து நான் எழுதியதும் நீ எழுதியதும்தான் எங்களுக்குப் பேச்சு. இப்போதும் போனில் "ம், ஓம், சரி" என்று மூன்று சொல்லோடு வைத்துவிடுகிறாய். தாளில்தான் உனக்கு வாய் திறக்கிறது.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். நான் பிளேன் கட்டுகிறேன் என்று நீ அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறாய். அவ அதைக் கோவிலடி முழுக்கச் சொல்லியிருக்கிறா. முழுப் பிளேன் இல்லை, அண்ணா. இறக்கையின் பின் ஓரத்தில் ஒரு பகுதி. தரையிறங்கும் நேரம் அது மேசை லாச்சி இழுபடுவது போல வெளியே நீண்டு கீழே சரியும். பெயர் ஃபிளாப். நீ பிளேனில் ஏறியது ஒரே ஒரு தரம், அதுவும் இரண்டு காவலாளிகளுக்கு நடுவில். ஜன்னல் கிடைத்திருக்காது.

இந்தப் புதுப் பிளேன் சிட்னியில் எழும்பினால் லண்டனில்தான் நிலத்தைத் தொடும். இருபது மணித்தியாலத்துக்கு மேல். இதற்கு முதலாவது கோடு கீறி எட்டு வருடமாம். அந்த எட்டு வருடத்துக்குள் நான் யாழ்ப்பாணம் கம்பஸில் இரசாயனம் படித்து முடித்து, கலியாணம் கட்டி, இங்கே வந்து, ஒரு பிள்ளையும் பெற்றுவிட்டேன். அது இன்னும் நிலத்தை விட்டு எழும்பவில்லை! முதல் இரண்டு வருடம் வெறும் படம். பிறகு சின்ன மாதிரி ஒன்றைக் குகை போன்ற கூடத்தில் வைத்துக் காற்றை ஊதிப் பார்த்தார்கள். பிறகு படங்களைப் பூட்டினார்கள். அதன் பிறகு ஒரு ஆணியை மாற்றுவதென்றாலும் மூன்று நாட்டில் கையெழுத்து வேண்டும். அதற்குப் பிறகுதான் எங்களிடம் அச்சு வந்தது. இனி முதற்பறப்பு. அது முடிந்து ஒன்றரை வருடம் வெயிலிலும் பனியிலும் சோதனை. முதல் பயணி கடைசியில்தான் வருவார்.

எங்களிடம் இரண்டு சோடி கேட்டார்கள். ஒன்று பறக்கப்போகும் முதலாம் பிளேனுக்கு. மற்றது பறக்காத பிளேனுக்கு. நீ சிரிக்காதே, அப்படி ஒன்று உண்டு. இறக்கை, உடல், வால் எல்லாம் அச்சொட்டாக ஒரு முழுப் பிளேன். அதை ஒரு கொட்டகைக்குள் கட்டிவைத்து, இறக்கை இரண்டையும் இரும்புக் கயிற்றால் மேலே மேலே இழுப்பார்கள், முறியும் வரைக்கும். எங்கே, எப்போது முறிகிறது என்று பார்ப்பதற்காகவே அது பிறக்கிறது. அதன் வலப்பக்க ஃபிளாப்பைத்தான் அடுத்த கிழமை நான் மூடப்போகிறேன். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து ஏனோ அதைத் தடவிக்கொண்டே இருக்கிறேன்.

எழும்பிவிட்டாள்.

அன்புத் தங்கச்சி
ஜெனோ

*

குவேக்கர்ஸ் ஹில்,
02.03.2025

அன்புள்ள தங்கச்சி,

நான் சுகம். முழங்காலும் சுகம். உறை பெட்டிக்குள் இல்லை, சிறி போட்டுக்கொண்டு போகிறான். ஒரே வீட்டில் இருந்தால் அப்படித்தான்.

பறக்காத பிளேன் கதையைச் சிறிக்கு வாசித்துக் காட்டினேன். "அட, அது உன்ரை சொந்தக்காரன் மச்சான்" என்றான். பதின்மூன்று வருடமாக என்னையும் ஒரு கொட்டகைக்குள் கட்டித்தானே இழுக்கிறார்கள், எங்கே முறிகிறான் பார்ப்போம் என்று. நான் முறியவில்லை. அந்தப் பிளேனுக்கும் சொல்லிவிடு.

இனி விஷயம். என் அகதி வழக்குக்குத் திகதி விழுந்திருக்கிறது. ஒக்ரோபர் பதினைந்து. இதுதான் கடைசி என்கிறார் சட்டத்தரணி. வென்றால் இங்கே இருக்கலாம், போய் அம்மாவைப் பார்த்துவிட்டும் வரலாம். தோற்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீ சிட்னியில் வந்திறங்கிய அன்று உன் கையில் தந்தேனே, மடு மாதா பதக்கம், அதை அனுப்பிவிடு. அவசரமில்லை. கோர்ட்டுக்குப் போகிற அன்று சட்டைப்பைக்குள் வைத்திருக்க வேண்டும். கடலில் பதினெட்டு நாளும் என் கழுத்தில் கிடந்தது அதுதான்.

பிள்ளைக்கு முத்தம்.

அனோஜ்

*

பொயிண்ட் குக்,
30.03.2025

அன்பின் அண்ணா,

திகதி விழுந்தது கேட்டு அழுதுவிட்டேன். சந்தோசமா பயமா என்று எனக்கே தெரியவில்லை. பதில் எழுதப் பிந்திவிட்டது. றொசானாவுக்குக் காப்பகத்தில் மாறி மாறிச் சளி. இப்போது சுகம்.

ஃபிளாப்பை மூடிவிட்டோம். அதைச் சொல்ல வேண்டும் உனக்கு. மூடுவதற்கு முதல் நான் டோர்ச் அடித்து ஒவ்வொரு அறையாக உள்ளே பார்க்க வேண்டும். கருவிப் பலகையில் இருபத்து மூன்று சாமான், இருபத்து மூன்று பள்ளம். ஒரு பள்ளம் வெறுமையாக இருந்தால், அந்தச் சாமான் கிடைக்கும் வரை முழுக் கட்டடமும் நிற்கும். போன வருடம் ஒரு பேனாமூடிக்காக ஒரு பின்னேரம் முழுக்க நூறு பேர் நிலத்தில் தவழ்ந்தோம். எல்லாம் சரியென்றால் ஒரு சிவப்புத் தாள் வரும். அதில் ஒரே ஒரு வரி: "உள்ளே ஒன்றும் இல்லை." கீழே என் பெயர், என் முத்திரை. பேசாலைச் சூசையம்மாவின் மகளின் முத்திரையை நம்பி உலகத்தில் யாரோ முந்நூறு பேர் ஒரு நாள் நித்திரை கொள்ளப்போகிறார்கள் என்று நினைத்தால் நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது.

பழைய பிளேன் ஒன்றை முறித்த படத்தைப் போன கிழமை எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இறக்கையின் நுனி ஒரு மாடி, இரண்டு மாடி என்று வளைந்து ஏறுகிறது. வில்லை வளைப்பது போல. இனி முடியாது என்று நான் கதிரைப் பிடியை இறுக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகும் ஏறியது. பிறகு ஒரு சத்தம். மெழுகுதிரியைப் பட்டென்று முறித்தது போல. அங்கே நின்ற பொறியியலாளர்கள் ஒரு கணம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சும்மா நின்றார்கள். பிறகுதான் கைதட்டினார்கள். கணக்குப் போட்ட இடத்திலேயே முறிந்ததாம். அண்ணா, மனிசர் இவ்வளவு கவனமாக ஒரு வேலை செய்வார்கள் என்று எனக்கு முன்பு தெரியாது.

பதக்கம் பத்திரமாக இருக்கிறது.

அன்புடன்
ஜெனோ

*

குவேக்கர்ஸ் ஹில்,
04.05.2025

அன்புள்ள தங்கச்சி,

நான் சுகம். உங்கள் சுகத்துக்கு மாதாவை வேண்டுகிறேன்.

மெழுகுதிரி முறிந்த கதையைக் கேட்ட பிறகு இரண்டு நாள் ஓட்டை முறிக்கும்போதெல்லாம் சத்தத்தைக் கவனித்தேன். ஒரு வீட்டுக்காரக் கிழவி, "என்ன பிரச்சினை?" என்று கேட்டுவிட்டது.

பதக்கம் பத்திரமென்று எழுதியிருக்கிறாய். பத்திரமாக இருப்பது நல்லதுதான். அனுப்பினால் இன்னும் நல்லது. பதிவுத் தபாலில் போடு.

அனோஜ்

*

பொயிண்ட் குக்,
15.06.2025

அன்பின் அண்ணா,

சுருக்கமாக எழுதுகிறேன். பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, நூறு பாகை காய்ச்சல். மற்றப்படி சுகம். நீ குளிருக்கு ஒழுங்காக உடுத்துகிறாயா?

இங்கே ஒரு மாற்றம். முதலாம் பிளேனுக்கு அனுப்பிய வலப்பக்க ஃபிளாப், துறைமுகத்தில் பெட்டியோடு கிரேனில் இடிபட்டுவிட்டது. புதிதாகச் செய்ய நான்கு மாதம் வேண்டும். செப்ரெம்பர் இருபத்து மூன்று முதற்பறப்பு என்று உலகத்துக்கே சொல்லிவிட்டார்கள். ஆகவே முறிப்பதற்குச் செய்த சோடியை எடுத்துப் பறக்கிறதில் பூட்டப்போகிறார்கள். இரண்டும் ஒரே அச்சு, ஒரே தரம். முறிக்கிறதுக்கென்று நாங்கள் ஒன்றும் குறைத்துச் செய்யவில்லையே.

எங்கள் குழுத் தலைவர் சேகர், திருச்சிக்காரர், மேசையில் ஏறி நின்று, "நம்ம ஃபிளாப் பறக்கப்போகுதுடா!" என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். கேக் வெட்டினார்கள். எனக்குப் பெரிய துண்டு தந்தார்கள், மூடியது நான் என்பதால். எனக்கு அது இறங்கவில்லை.

பறக்கிறதில் ஐந்து பேர் இருப்பார்கள். பயணிகள் இல்லை, சோதனைக்காரர் ஐந்து பேர்.

வேறொன்றும் இல்லை. பிறகு எழுதுகிறேன்.

ஜெனோ

*

குவேக்கர்ஸ் ஹில்,
06.07.2025

அன்புத் தங்கச்சி,

முறிக்கிறதுக்கு வைத்திருந்தது பறக்கப்போகிறது என்று எழுதியிருக்கிறாய். நான் துள்ளிக் குதித்தேன். அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். நீ ஏன் செத்த வீட்டுக் கடிதம் போல எழுதியிருக்கிறாய்?

இரண்டு கடிதத்தில் பதக்கம் கேட்டிருக்கிறேன். ஒன்றுக்குப் பத்திரம் என்றாய். மற்றதுக்குப் பதிலே இல்லை. தொலைத்துவிட்டாயோ? தொலைந்தால் தொலைந்ததுதான், சொல்லு. நான் கோபிக்க மாட்டேன். கைப்பிள்ளைக்காரிக்கு எது எங்கே என்று ஞாபகம் இருக்காது. பொய் மட்டும் எழுதாதே. தாளில் எங்களிடம் அது இல்லை.

அனோஜ்

*

பொயிண்ட் குக்,
20.07.2025

அண்ணா,

பதக்கம் தொலையவில்லை. அது ஃபிளாப்புக்குள் இருக்கிறது. நான்தான் வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் புதுப் படகுக்குக் கண்ணாடித் துணி ஒட்டும்போது, முன் அணியத்தில் கடைசிப் படைக்குக் கீழே ஒரு மாதா பதக்கம் வைத்துத்தான் பிசின் பூசுவார்கள். அப்பா கட்டிய மூன்று படகிலும் வைத்தார். அது இல்லாமல் யாராவது கடலில் இறக்கியதை நீ பார்த்தாயா? இங்கே நான் செய்வதும் அதே வேலைதான். துணி, பிசின், துணி, பிசின். இங்கே துணி கறுப்பு, அவ்வளவுதான்.

மூடிய அன்று றொசானா காய்ச்சலோடு அழ அழ அவளைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். எங்களுக்கு மோதிரம், சங்கிலி ஒன்றும் போடக்கூடாது. பதக்கத்தை மட்டும் நான் உள்சட்டையில் ஊசியால் குத்தி வைத்திருப்பேன், ஒருவருக்கும் தெரியாது. டோர்ச்சை அடித்து உள்ளே பார்த்தேன். அவ்வளவு சுத்தம், அவ்வளவு வடிவு. இதையா முறிக்கப்போகிறார்கள் என்று இருந்தது. இது பறக்காதுதானே, இதில் ஒருவரும் ஏறமாட்டார்கள்தானே, இதற்கென்று ஒருவரும் செபிக்கவும் மாட்டார்களே என்று நினைத்தேன். நான்காவது அறையின் மூலையில் ஒட்டிவிட்டேன். அலுமினியம் கார்பனைத் தொட்டால் அரிக்கும், அது எனக்குத் தெரியும், ஆகவே கீழே கண்ணாடித் துணி ஒரு படை வைத்து ஒழுங்காக ஒட்டினேன். ஒழுங்காக! பிறகு சிவப்புத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

உன் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. உன் பதக்கத்தை உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன். அதற்கே உனக்கு எழுத முகமில்லாமல் இருந்தேன். இப்போது அது பறக்கப்போகிறது.

மேலே குளிர் பூச்சியத்துக்குக் கீழே ஐம்பது பாகையையும் தாண்டும். ஒட்டு விட்டுவிடுமோ தெரியாது. அந்த அறையில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கிறது. பதக்கம் கழன்று அதை அடைத்தால், தண்ணீர் நின்று உறைந்து, அறையின் சுவரைப் பிளக்கும். ஒன்றும் நடக்காமலும் இருக்கலாம். இரண்டையும் நான் ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்க்கிறேன்.

ஜனுஷனிடம் சொன்னேன். "ஒட்டினது ஒட்டினபடி இருக்கும். பேசாமல் இரும். சொன்னால் வேலை போகும். பிறகு இந்த நாட்டில ஒருத்தனும் உம்மை ஒரு பிளேனுக்குக் கிட்டவும் விடமாட்டான்" என்றார். அவர் சொல்வது பிழையில்லை. எனக்கு அந்த வேலை என்றால் உயிர், உனக்குத் தெரியும்.

சொல்லு அண்ணா. நான் என்ன செய்ய?

ஜெனோ

*

பொயிண்ட் குக்,
22.08.2025

அன்பின் அண்ணா,

ஒரு மாதமாகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமென்றால் கோபமென்றாவது எழுதியிருக்கலாம். பரவாயில்லை. சுகமாக இரு.

நான் சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, பறக்கப்போகும் ஐந்து பேரின் படத்தையும் ஆளுயரத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்கள். நடுவில் நிற்கிற பெண் விமானி என் வயதுதான் இருப்பாள். பக்கத்தில் ஒரு நீளமான வெள்ளைத் துணி. பிளேனில் வேலை செய்த எல்லோரும் அதில் பெயர் எழுத வேண்டும். அதைப் பிளேனை முழுதாகப் பூட்டுகிற நாட்டுக்கு அனுப்பி, அவர்கள் பறக்கிற அன்று அங்கே கொட்டகையில் கட்டுவார்களாம். வரிசையில் நின்றேன். பேனை என் கைக்கு வந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தபடி நிற்கிறாள். ஒரு தரம் கையெழுத்துப் போட்டது போதும் என்று தோன்றியது. பேனையை மூடிப் பின்னால் நின்றவனிடம் கொடுத்துவிட்டு, நேரே சேகரின் அறைக்குள் போனேன்.

"சார், வலப்பக்க ஃபிளாப்புக்குள்ள ஒரு சாமான் இருக்கு. நான்தான் வைச்சனான்."

அவர் கணினியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "என்னம்மா, ஸ்க்ரூடிரைவரா?"

"மாதா பதக்கம்."

இப்போது திரும்பினார். "மாதாவா?"

"ஓம் சார். மடு மாதா."

பிறகு எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் படகு, முறிக்கிற பிளேன், கண்ணாடித் துணி, வடிதுளை. சொல்லி முடிய அவர் என்னை ஜன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"அதோ நிக்குதே வெள்ளை வண்டி, அது என்னோடது. முன்னாடி என்ன தொங்குது?"

"எலுமிச்சம்பழம்."

"ஆமா. அஞ்சு மிளகாயும் தொங்குது. வாரா வாரம் மாத்துறேன். அது இல்லாம நான் ரோட்டுல இறங்கமாட்டேன். ஆனா பாத்துக்க, அது கேட்டுக்கு வெளியில தொங்குது." தலையில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். "ஏம்மா, உன்னை மாதிரி ஒருத்தி... நீ சொல்லலேன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"எனக்குத் தெரியும் சார்."

அவர் போனை எடுத்தார். அங்கே அப்போது விடியப்புறம் நாலு மணி. யாரையோ எழுப்பினார். நான் முத்திரையை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். விசாரணை முடியும் வரை வரவேண்டாமாம். றொசானாவை நேரத்தோடு காப்பகத்திலிருந்து எடுத்தபோது அவள் என்னை நம்பவே இல்லை, திரும்பத் திரும்ப என் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

நீ ஏன் எழுதவில்லை?

ஜெனோ

*

குவேக்கர்ஸ் ஹில்,
22.08.2025

அன்புத் தங்கச்சி,

உன் கடிதத்துக்கு ஏழு தரம் பதில் எழுதிக் கிழித்தேன். இது எட்டாவது. கோபமில்லை. பதக்கத்துக்காகவுமில்லை. உனக்குப் புத்தி சொல்ல வேண்டுமென்றால் நான் முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுதான் பிந்தியது.

எங்கள் படகில் ஒன்பதாம் நாள் தண்ணீர் இறைக்கிற பம்ப் நின்றது. நாற்பத்தியொரு பேர். கீழே முழங்கால் வரை தண்ணீர். இயந்திரம் பார்த்த கணேசலிங்கம் அண்ணை இருட்டுக்குள் கையை விட்டுப் பம்பின் வாயைத் துழாவினார். இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்று உள்ளே இழுபட்டு அடைத்திருந்தது. இழுத்தார், வந்தது, அந்த நேரம் பம்ப் தானாகத் தொடங்கிவிட்டது. இரண்டு விரல் நுனி போனது. பம்பும் உடைந்தது. மிச்ச ஒன்பது நாளும் பிளாஸ்ரிக் கானை வெட்டி வைத்துக் கையால் இறைத்தோம்.

"ஆற்றை சாரம்?" என்று எல்லோரும் கேட்டார்கள். நீலச் சாரம். அம்மா எனக்கு வாங்கித் தந்தது. காயவைத்துவிட்டு எடுக்க மறந்துபோனேன். பம்ப் நின்ற உடனேயே என் சாரத்தைக் காணவில்லை என்று எனக்குத் தெரியும், ஜெனோ. அப்போதே வாயைத் திறந்திருந்தால், என்ன அடைத்திருக்கிறது என்று தெரிந்து இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டுக் கையை விட்டிருப்பார். பத்து நிமிட வேலை. எல்லோரும் என்னை ஏசுவார்களே என்று கழுத்தில் கிடந்த பதக்கத்தைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

அவர் இப்போது ஸ்ட்ராத்ஃபீல்டில் கடை வைத்திருக்கிறார். நான் அரிசி வாங்குவது அங்கேதான். மிச்சக் காசு தருகிற அந்தக் கையைப் பதின்மூன்று வருடமாகப் பார்க்கிறேன். "தம்பி, வழக்கு என்ன மாதிரி?" என்று ஒவ்வொரு தரமும் கேட்பார்.

நீ போய்ச் சொல்லு. வேலை போனால் போகட்டும். பதக்கம் எனக்கு வேண்டாம்.

இதை உனக்குத்தான் முதல் எழுதுகிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அனோஜ்

*

பொயிண்ட் குக்,
27.10.2025

அன்பின் அண்ணா,

நாங்கள் மூவரும் சுகம். றொசானா நடக்கிறாள். நாலு அடி வைத்துவிட்டு இருந்துவிடுகிறாள், பிறகு தனக்குத் தானே கைதட்டுகிறாள்.

ஓகஸ்டில் உன் கடிதமும் என் கடிதமும் ஒரே நாளில் எழுதப்பட்டு, வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் சொல்லி ஒரு கிழமைக்குப் பிறகு ஒரு பின்னேரம் உன் கடிதம் என் கையில் கிடைத்தது. குசினியில் நின்றபடியே வாசித்தேன். அதைப் பற்றி நான் உனக்கு ஒன்றும் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை. படத்தை மட்டும் அனுப்பினேன்.

அந்தப் படத்தின் கதையைச் சொல்கிறேன். அங்கே ஃபிளாப்பின் அடியில் ஒரு சின்ன வாசலைத் திறந்து கமெராக் குழாயை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். நான் சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்தது. எடுத்துவிட்டு, ஃபிளாப் முழுவதையும் திரும்ப முதலிலிருந்து பரிசோதித்தார்கள். முதற்பறப்பைப் பதினான்கு நாள் தள்ளிவைத்தார்கள். எட்டு வருடத்தில் பதினான்கு நாள் என்னுடையது. "மேலதிக பரிசோதனை" என்று மட்டும்தான் செய்தியில் போட்டார்கள். சேகர் வீட்டுக்கு வந்து அறிக்கையின் ஒரு பக்கத்தைக் காட்டினார். அதை உனக்குப் பிரதி எடுக்கலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "படத்தை மட்டும் எடுத்துக்க" என்றார். வாசகத்தை நான் மனப்பாடம் பண்ணிவிட்டேன். "பொருள்: நீள்வட்டம், அலுமினியம். நீளம் இருபத்திரண்டு மில்லிமீற்றர். எடை ஒன்று தசம் எட்டு கிராம். மேற்புறத்தில் பெண்ணுருவம், கையில் குழந்தை. கீழே கண்ணாடித் துணி ஒரு படை. ஒட்டு உறுதி. வடிதுளையிலிருந்து தூரம் நாற்பது மில்லிமீற்றர்." அவ்வளவுதான். யாரோ முகம் தெரியாத ஒருவர் மாதாவை இவ்வளவு கவனமாக அளந்திருக்கிறார் என்று நினைக்க எனக்குக் கோவிலுக்குள் நிற்பது போல இருந்தது.

"எடுத்தவன் சொன்னானாம், ஒட்டினவங்க வேலை தெரிஞ்சவங்கன்னு" என்றார் சேகர். "இதைப் பாராட்டுன்னு எடுத்துக்காதம்மா."

பதக்கம் இலக்கமிட்ட பைக்குள் இருக்கிறது. விசாரணைக் கோப்பு மூடும் வரை தரமாட்டார்கள். அதனால்தான் உன் வழக்குக்கு முதல் படத்தை அனுப்பினேன். சட்டைப்பைக்குள் வைத்தாயா?

என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. முத்திரையை எடுத்துவிட்டார்கள். இனி மூடுகிற வேலை எனக்கு ஒருநாளும் இல்லை. திங்கட்கிழமை முதல் துணி வெட்டுகிற பகுதி. அழுதேன்தான். ஆனால் நித்திரை வருகிறது.

ஏழாம் திகதி அது பறந்தது. அங்கே காலை, இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். றொசானாவை மடியில் வைத்துக்கொண்டு கணினியில் பார்த்தேன். ஜனுஷன் பின்னால் நின்றார், கையில் சாப்பாட்டுக் கோப்பை, சாப்பிடவில்லை. கொட்டகையில் அந்த வெள்ளைத் துணி கட்டியிருந்தது. நூற்றுக்கணக்கான பெயர். என்னுடையது இல்லை. பிளேன் ஓடுபாதையின் முனையில் வந்து நின்றது. வலப்பக்கம், லாச்சி இழுபடுவது போல, அது வெளியே வந்தது. என் கையால் தடவிய அதே ஓரம். "அதுதான்" என்றேன். "தெரியுது" என்றார் ஜனுஷன்.

பிறகு ஓடத் தொடங்கியது. இவ்வளவு பெரியது இவ்வளவு மெதுவாக ஓடுகிறதே என்று நினைத்தேன். இறக்கை இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வளைந்தன, மூச்சு எடுப்பது போல. அந்த வளைவை நான் முறிக்கிற படத்தில்தான் பார்த்திருக்கிறேன் அண்ணா, இரும்புக் கயிற்றால் இழுத்து. இங்கே கயிறு இல்லை. காற்று தூக்கியது. சில்லுக்கும் நிலத்துக்கும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. அவ்வளவுதான், எழும்பிவிட்டது. றொசானா கைதட்டினாள்.

நாலு மணித்தியாலம் மேலே இருந்தார்கள். நான் கணினி முன்னாலிருந்து அசையவில்லை. இறங்கியதும் முதலில் கதவைத் திறந்து வந்தது அந்தப் பெண். படியில் நின்று இறக்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

அது போய்ப் பத்திரமாக இறங்கிவிட்டது. உன்னுடைய பதினைந்தாம் திகதி போய்ப் பன்னிரண்டு நாள். உன் போன் வேலை செய்யவில்லை. சிறி அண்ணாவைப் பிடித்தேன். "வேலைக்குப் போறான், வாறான், சாப்பிடுறான். கதைக்கிறான் இல்லை. ஆனால் தங்கச்சி, போன சனிக்கிழமை ஸ்ட்ராத்ஃபீல்டுக்குப் போனவன், அரிசி வாங்காமல் வெறுங்கையோடை வந்தவன். வந்து குளியலறைக்குள்ள இருந்து அழுதவன்" என்றார். அழுதது வழக்குக்காகவா, மற்றதுக்காகவா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

தீர்ப்பு எதுவென்றாலும் எழுது. கணேசலிங்கம் அண்ணை என்ன சொன்னார் என்று எழுது. நீ இன்னும் சொல்லவில்லை என்றால் அதையாவது எழுது. ஒரு வரி போதும்.

தயவுசெய்து சுறுக்காகப் பதில் போடு.

உன் தங்கச்சி
ஜெனோ